தேரோடும் வீதிக்கு என்ன கல், என்ன நிறம்?

செம்மண்காரன்:
காரைக்குடி பக்கம் எங்கள் ஊர்க் கோயில் வீதிகளுக்குத் தளம் போடப் போகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகச் சிமென்ட் பேவர் பிளாக்காம். சுற்றிலும் செம்மண், செம்புறாங்கல். அந்த ஊரில் பளிச் மஞ்சள் எதற்கு? செம்புறாங்கல்லையே பாவினால் என்ன?

உளிக்காரர் பேரன்:
செம்புறாங்கல் சுவருக்குச் சரி, வண்டி ஓடும் தரைக்கு வேண்டாம். துளையுள்ள கல், தேயும், மழையில் பாசி பிடித்து வழுக்கும். தேர்ச் சக்கரம் உருளும் தடத்துக்குக் கனமான சாம்பல் கருங்கல்தான். பாலிஷ் கூடாது, சொரசொரப்பாகக் கொத்தியது வேண்டும். சிவப்பை ஓரப்பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனா அக்கா:
தயவுசெய்து கறுப்புக் கடப்பாக் கல் மட்டும் போட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு சுற்றி வருகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

செம்மண்காரன்:
சரி, ஓரத்துக்குச் சிவப்புப் பேவர் பிளாக் என்றால் நிறம் நிற்குமா?

உளிக்காரர் பேரன்:
இரும்பு ஆக்சைடு நிறமி என்றால் வெயிலுக்கு வெளுக்காது. ஆனால் மேலடுக்கில் மட்டும் நிறம் இருந்தால், அது தேய்ந்ததும் சிமென்ட் சாம்பல் தெரியும். மாதிரிக் கல் ஒன்றை உடைத்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் ஊர் மண்ணை ஒரு கைப்பிடி காய்ந்தபடியும் நனைத்தும் பக்கத்தில் வைத்து, நிறத்தை வெயிலில் தேர்ந்தெடுங்கள். கடை விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகுதான்.