வேண்டுதல் இல்லாமல் கோயிலுக்கு வந்த அக்கா

இங்கே நிறையப் பேர், நோயோ கடனோ வந்து ஆட்டிவைத்த பிறகுதான் சாமி பக்கம் திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த ஒருவரின் கதை வேறு மாதிரி.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில். தானே புயலுக்கு முந்தைய வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக்கு, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் தொண்டுக்கு, போவேன். அங்கேதான் அந்த அக்கா பழக்கம். பலாத் தோப்பும் முந்திரிக் காடும் உள்ள வசதியான குடும்பம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பிராகாரத்துக் கல் இடுக்கில் முளைத்த புல்லைச் சின்னக் கொத்தால் வேரோடு நெம்பி எடுத்துக்கொண்டிருப்பார். வாய் தேவாரத்தை முணுமுணுத்தபடி இருக்கும்.

"என்ன வேண்டுதல்க்கா?" என்று கேட்டேன்.

"வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா இருக்கும்போதே வந்து பழகிக்கணும். முடியாதப்போ புதுசா கத்துக்க முடியுமா?"

சூலை நோய் என்ற கொடிய வயிற்றுவலி தாங்காமல் அப்பர் என்னும் திருநாவுக்கரசர் சமணப் பள்ளியை விட்டு இதே ஊருக்கு வந்ததும், 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று பாடியதும் நமக்குத் தெரியும். இந்த அக்காவுக்கு அவரைவிட அவருடைய அக்கா திலகவதியார் மேல்தான் பிடிப்பு. "எல்லாரும் தம்பி கதையையே சொல்றாங்க. அவர் வந்து விழறதுக்கு ஒரு இடம் இருந்துச்சே, எப்படி? அக்கா தினமும் கூட்டி மெழுகிக்கிட்டு இங்கேயே இருந்தாங்க." பெரியபுராணத்தில் அந்த விடியற்காலையில்கூடத் திலகவதியார் துடைப்பமும் சாணமும் தண்ணீர்த் தோண்டியுமாகத்தான் தம்பியைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். தம்பி வலியில் துடித்து வந்திருக்கிறான் என்று அன்றைய பணி நிற்கவில்லை. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நெல் என்றால் அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம். பலாக் கன்று காய்ப்புக்கு வரவே பல வருடம் ஆகும். அக்காவின் தோப்பில் பெரும்பாலான மரங்கள் போய்விட்டன.

பொங்கல் கழிந்து நான் போனபோது அவர் வந்திருந்தார். அழுதார், நன்றாகவே அழுதார். "மாமனார் வெச்ச மரம் தம்பி. நாங்க காய் வெட்டி வித்ததோட சரி. எங்களுதுன்னு எப்படிச் சொல்றது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கொத்தை எடுத்தார். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி அவர் வாயில் வரவே இல்லை.

அந்த நாட்களில் கோயிலில் புதுமுகங்கள் நிறைய. அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அப்பரும் அப்படித்தானே வந்தார். ஆனால் அவர்களுக்குத் துக்கத்தையும் தாங்க வேண்டியிருந்தது, சாமியிடம் எப்படிப் பேசுவது என்பதையும் அப்போதுதான் கற்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு முதல் பாரம் மட்டும்தான்.

வேண்டுதல் எதுவும் இல்லாத நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விளக்கேற்றுவதோ, தொழுகையோ, ஜெபமோ, அப்படிப் பழகிவைத்தது பின்னால் கைகொடுத்த அனுபவம் இருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள்.