பழைய ஷாட்கனுக்கு ஒரு சொல் வேண்டும் (வியாழன் கெடு!)

அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் பழைய பண்ணை வீடு வாங்கிய நண்பருக்கு நிலவறையில் ஒரு ஷாட்கன் (ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும் வேட்டைத் துப்பாக்கி) கிடைத்தது. அதைப் பற்றி அங்குள்ள தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுகிறேன், முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். குழலில் 'ஜே.சி. ஹிக்கின்ஸ்' என்று இருக்கிறது. அது அமெரிக்காவின் சியர்ஸ் கடை தான் விற்ற துப்பாக்கிகளுக்கு வைத்த பெயர். அதேபோல் மாண்ட்கோமரி வார்டு கடை வைத்தது வெஸ்டர்ன் ஃபீல்டு, வெஸ்டர்ன் ஆட்டோ கடை வைத்தது ரெவலேஷன். செய்ததெல்லாம் ஹை ஸ்டாண்டர்டு, ஸ்டீவன்ஸ், மாஸ்பெர்க் மாதிரி ஆலைகள். இந்த வகைக்கு 'கடைப்பெயர்த் துப்பாக்கி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

* * *

> கடைப்பெயர்த் துப்பாக்கி

தம்பி, கடை என்றால் இறுதி. கடைச்சங்கம் என்ன மளிகைக்கடைக்காரர் சங்கமா? மதுரைக்காஞ்சியிலேயே நாளங்காடியும் அல்லங்காடியும் இருக்க, கடை எதற்கு? துப்பாக்கியும் துருக்கி வழி வந்த சொல். 'அங்காடிக்குறித் துமுக்கி' என்க.

* * *

துப்பாக்கி குறள் 12-லேயே இருக்கிறதே ஐயா! (சும்மா. அது துப்பு ஆக்கி, உணவாக்கி என்று தெரியும், அடிக்க வராதீர்கள்.) யாழ்ப்பாணத்தில் நாங்கள் துவக்கு என்போம், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 'அங்காடிக்குறித் துமுக்கி'யை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன், ஏதோ பறவையா என்று கேட்டாள்.

* * *

இலக்கணமாகப் பார்த்தால் இது சுவையான இடம். 'திருவள்ளுவர் படித்தேன்' என்பது கருத்தாவாகுபெயர், செய்தவர் பெயர் அவர் செய்த பொருளுக்கு ஆகிவருவது. 'ஹிக்கின்ஸ் வைத்திருக்கிறேன்' என்றால்? ஹிக்கின்ஸ் என்பவர் சியர்ஸில் கணக்குப் பிரிவைப் பார்த்தவர், துப்பாக்கி செய்தவர் அல்லர். ஆக, கருத்தா இல்லாத கருத்தாவாகுபெயர்! நன்னூலார் இதற்கு வழி சொல்லவில்லை. நான் 'இரவற்பெயர்' என்பேன்.

* * *

பெயர்ச்சண்டை நடக்கட்டும், நான் இங்கே வேட்டைக்குப் போகிறவன், உங்கள் நண்பர் அதை என்ன செய்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை. முதலில் குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எண்ணைப் பார்க்கட்டும். சியர்ஸ் துப்பாக்கியில் 583 என்று தொடங்கிப் புள்ளி வைத்த எண் இருந்தால் செய்தது ஹை ஸ்டாண்டர்டு. வரிசை எண் இல்லையே என்று பதற வேண்டாம், அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டத்துக்கு முன் நீளத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு அது கிடையாது.

இன்னும் பழையதாக இருந்தால்தான் ஆபத்து. கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் ஒடுங்கும். பழைய 16 கேஜ் சிலவற்றில் தோட்டா அறை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடம், 2 9/16 அங்குலம்தான், இன்றைய தோட்டா 2¾. ஆனாலும் உள்ளே போகும்! மடித்த முனையோடு இருப்பதால் போகும், சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறதே என்று நம்பக் கூடாது. குழலில் பாம்புத்தோல் போல வரி தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த குழல், கருமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்துச் சரக்கு, சுவரில் மாட்டுவதோடு சரி. எதுவானாலும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அறையை அளந்து சொல்லும்வரை சுடக் கூடாது. 12 கேஜ் குழலில் 20 கேஜ் தோட்டா தவறிப் போனால் உள்ளே சரிந்து மாட்டிக்கொள்ளும், பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சளாகச் செய்வது அதனால்தான்.

இதெல்லாம் புரிகிற மாதிரி எழுதுங்கள். துமுக்கி வேண்டாம்.

* * *

முறுக்கிச் செய்த குழலுக்கு 'முறுக்குக்குழல்' நன்றாக இருக்கிறதே! குழல் வாய் குறுகுவதை 'வாய்க்குறுக்கம்' எனலாம், ஐகாரக்குறுக்கத்துக்குப் பக்கத்தில் உட்காரும். தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுகளுக்கு மட்டும் ரவை என்று எழுதாதீர்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது, 'இரவை' என்று எழுதுக.

* * *

எப்படி எழுதினாலும் உப்புமாதான் நினைவுக்கு வருகிறது ஐயா.

* * *

எல்லோருக்கும் நன்றி. தனியே எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினால் கடைப்பெயருக்கு 5, இரவற்பெயருக்கு 2, அங்காடிக்குறிக்கு 1. இன்று இரவு 'கடைப்பெயர்த் துப்பாக்கி' என்றே அனுப்புகிறேன், பக்கத்தில் 'குழலில் உள்ள பெயர் செய்தவர் பெயர் அல்ல' என்று ஒரு வரி. முறுக்குக்குழலை எடுத்துக்கொண்டேன். தோட்டா அறை பற்றிய பத்தியைக் கட்டம் கட்டிப் போடுகிறார்கள்.

* * *

அந்த 1 நான்தான். மலர் அச்சானாலும் கடை என்றால் இறுதிதான், தம்பி.