மோட்டரை மின்பிறப்பாக்கியாக ஓட்டும்போது பம்பைப் போட்டதும் வோல்ற்றளவு விழுகிறது: அவசரம்

தெமட்டகொடை_பட்டறை
நாளைக் காலை வாடிக்கையாளர் வருகிறார், உடனே உதவுங்கள். மூன்று பேஸ் மோட்டரை டீசல் எஞ்சினுடன் பூட்டி, கொள்ளளவிகள் (கபாசிற்றர்) போட்டு மின்பிறப்பாக்கியாக ஓட்டுகிறேன். மின்குமிழ்கள் நன்றாக எரிகின்றன. தண்ணீர்ப் பம்பைப் போட்ட கணமே எல்லாம் போய்விடுகிறது. அதன்பின் எவ்வளவு ஓட்டினாலும் வோல்ற்றளவு திரும்புவதில்லை. என்ன கோளாறு?

சுருள்வேலை
மோட்டர் எத்தனை குதிரைவலு? கொள்ளளவி எத்தனை மைக்ரோ பரட், இணைப்பு ஸ்டாரா (ஒரு முனை பொதுவாக) டெல்டாவா (முக்கோணமாக)? வேகம் என்ன? பம்பு எவ்வளவு?

ஆமர்வீதி
கொள்ளளவிதான் கோளாறு. கொழும்பு உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கறுப்பு உறை போட்ட ஸ்டார்ட் கொள்ளளவிகளை வாங்கியிருப்பீர்கள். அவை சில விநாடிகளுக்கு மட்டுமே. தொடர்ந்து ஓட்டினால் வெடிக்கும். தொடர்ந்து ஓடக்கூடிய ரன் கொள்ளளவி போடுங்கள்.

மின்வாத்தியார்
தம்பி, அடிப்படையைப் படிக்காமல் பூட்டினால் இப்படித்தான். இப்படி ஓட்டும் மோட்டருக்குக் காந்தப்புலம் உண்டாக்கும் தனிக் களச்சுருள் கிடையாது. காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் வலுவை, அதாவது வேலை செய்யாமல் வந்துபோகும் வலுவை, கொள்ளளவிதான் கொடுக்கிறது. மின்குமிழ் அதைக் கேட்பதில்லை. பம்பு மோட்டரோ தொடங்கும்போது முழுச்சுமை ஓட்டத்தின் ஐந்தாறு மடங்கை இழுக்கும். அதில் பெரும்பகுதி ரியாக்டிவ். வோல்ற்றளவு பாதியானால் கொள்ளளவி தருவது கால் பங்காகிவிடும். பிறகு சரிவை எது தடுக்கும்? விழும்போது இரும்பில் எஞ்சியிருந்த காந்தத்தையும் அழித்துவிடுகிறது. அதனால்தான் திரும்பவில்லை.

தெமட்டகொடை_பட்டறை
3 குதிரைவலு, நான்கு முனைவு, 400 வோல்ற்று. 40 மைக்ரோ பரட் ரன் கொள்ளளவி மூன்று, ஸ்டாரில். பம்பு 1 குதிரைவலு, மூன்று பேஸ். வேகம் அளக்கவில்லை.

ஆமர்வீதி
ஏன் ஸ்டார்? டெல்டாவில் மூன்றிலொரு பங்கு மைக்ரோ பரட் போதுமே, பணமும் மிச்சம்.

மின்வாத்தியார்
டெல்டாவில் ஒவ்வொன்றும் முழு 400 வோல்ற்றைத் தாங்க வேண்டும். சுமை திடீரென விலகினால் அதற்கும் மேலே ஏறும். மலிவு என்று 250 வோல்ற்றுச் சரக்கை யாராவது போட்டால் நீங்களா பொறுப்பு?

ஆமர்வீதி
250 என்று நான் எங்கே சொன்னேன்? 440 வோல்ற்றுக் கொள்ளளவி கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஐயா, சொல்லாததற்குப் பதில் சொல்லாதீர்கள்.

களனி_நீர்
சபரகமுவக் கிராமங்களின் சிறு நீர்மின் திட்டங்களில் இதே முறை நன்றாகவே ஓடியது. அங்கே சுமை ஆளுகைக் கருவி, பாவிக்காத வலுவை வெப்பச்சுருளில் எரித்து மொத்தச் சுமையை மாறாமல் வைத்திருந்தது. பெரும்பாலும் வெளிச்சச் சுமைதான். மோட்டர்களை அங்கும் பயந்துதான் போட்டார்கள்.

சுருள்வேலை
பட்டறைத் தம்பிக்கு வருவோம். முதலில் எஞ்சினை நிறுத்தி, கொள்ளளவிகளின் மின்னேற்றத்தை ஒரு மின்தடையி மூலம் இறக்குங்கள். தொட்டுவிடாதீர்கள், ஆளைக் கொன்றுவிடும். பின் அவற்றைக் கழற்றி, அழிந்த காந்தம் திரும்ப 12 வோல்ற்று மின்கலத்தை மோட்டரின் இரு முனைகளில் சில விநாடிகள் வையுங்கள். மீண்டும் பூட்டி, சுமையின்றி நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலே ஓட்டினால் வோல்ற்றளவு எழும். பம்பைத் தொடக்கும் கணத்தில் மட்டும் மேலதிகக் கொள்ளளவித் தொகுதியொன்றை ஆளியால் சேருங்கள். பம்பு வேகம் பிடித்ததும் விலக்குங்கள்.

தெமட்டகொடை_பட்டறை
மின்கலம் வேலை செய்தது. வேகம் 1460 இருந்தது, கூட்டிவிட்டேன். மேலதிகக் கொள்ளளவியோடு பம்பு ஓடுகிறது. நன்றி அண்ணா.

சுருள்வேலை
மேலதிகத் தொகுதியை விலக்கினீர்களா? விட்டால் வோல்ற்றளவு ஏறி மின்குமிழ்கள் எரிந்துபோகும்.

சுருள்வேலை
தம்பி?