ராட்டில்: 'லொடலொடப்பு' என்றே வைத்துவிடலாம்

எல்லோருக்கும் வணக்கம்.

வாகனத் துறை ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில் 'ராட்டில்' (rattle, வண்டியில் கழன்ற பாகம் ஆடி மோதும் சத்தம்) என்பதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: அதிர்வொலி, கடகடப்பு, ஆட்டொலி. மூன்றுமே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, என் பழைய டீசல் பிக்கப்பின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காங்கேயம் பக்கம் தேங்காய்க் களங்களுக்குக் காய் ஏற்றும் வண்டி அது. 17 வருடமாக ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சத்தம் கிளம்பியது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இஞ்சின் சும்மா ஓடும்போது, இருக்காது. ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் வரும், அதைத் தாண்டினால் போய்விடும். பட்டறைக்குப் போன் செய்து "இஞ்சின் கடகடங்குது" என்றேன். வண்டியை விட்டதும் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வைத்து வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவற்றிலும் குறை இல்லை. பத்து நாளும் பணமும் போயின. அந்தப் பட்டறைக்காரர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடகட என்று கேட்ட டீசல் மெக்கானிக் இஞ்சினைவிட்டு வேறு எங்கே கை வைப்பார்?

கடகட என்பது டீசல் இஞ்சினின் சொந்தக் குரல். அதில் தீப்பொறி பிளக் கிடையாது. அழுத்திச் சூடாக்கிய காற்றில் டீசலைப் பீய்ச்சுகிறோம். பீய்ச்சிய கணமே அது பற்றுவதில்லை, நொடியில் மிகச் சிறு பங்கு தாமதம் ஆகிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் மொத்தமாகப் பற்றும்போது அழுத்தம் திடீரென்று எகிறி, இஞ்சின் உடம்பே அடி வாங்கியதுபோல் ஒலிக்கிறது. காலையில் குளிர்ந்த இஞ்சினை எடுத்தவுடன் தாமதம் கூடுதல், சத்தமும் கூடுதல். சூடேறினால் குறையும். எந்தத் திருகாணியும் கழன்றிருக்கத் தேவையில்லை, நல்ல இஞ்சினும் கடகடக்கும். அதனால் 'கடகடப்பு' என்ற சொல்லை இந்த எரிதல் ஒலிக்கு, அதாவது டீசல் கிளாட்டருக்கு, ஒதுக்கிவைப்பதுதான் பொருத்தம். ராட்டிலுக்கும் அதையே கொடுத்தால் எனக்கு நடந்தது அடுத்தவருக்கும் நடக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். பிறகு ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைப் பார்க்கும் முன்பே அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்க, கடகடங்குதா, லொடலொடங்குதா?"

யோசித்துப் பார்த்தேன். "லொடலொடன்னுதாங்க வருது."

"அப்ப எங்கியோ கழண்டிருக்குதுங்க."

முதலில் வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னார். சத்தம் வந்தது. அதனால் கமான் பட்டை, ஷேக்கிள் புஷ், பின்கதவு என்று சாலையில் ஆடும் சாமான்கள் எல்லாம் கணக்கிலிருந்து நீங்கின. அடுத்து, சத்தம் வரும் இடத்திலேயே பிடித்துக்கொண்டு கிளட்ச்சை மிதிக்கச் சொன்னார். மாற்றம் இல்லை. கியர்பாக்ஸில் பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளியில் எழும் சத்தமாக இருந்தால் கிளட்ச்சை மிதித்ததும் அடங்கியிருக்கும். பிறகு இஞ்சினை அணைத்து, எல்லாம் ஆறட்டும் என்று டீ குடிக்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்து ரப்பர் சுத்தியலால் சைலன்சரின் வயிற்றில் ஒரு தட்டு தட்டினார். லொடலொட. உள்ளே தடுப்புத் தகடு ஒன்று வெல்டு விட்டுத் தனியாகக் கிடந்தது.

ஓரிடத்தில் மட்டும் ஏன் வந்தது என்றால், நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நடக்கிறது. நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் வினாடிக்கு 25 உதை, 1500 சுற்று என்றால் 50 உதை. கழன்ற தகட்டுக்கும் அது தொங்கும் குழாய்க்கும் தங்களுக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. உதையின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகும்போது ஆட்டம் பெருகிச் சுவரில் மோதுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த ஒத்ததிர்வுதான்.

இங்கேதான் 'அதிர்வொலி' என்ற பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை. அதிராமல் எந்த ஒலியும் இல்லை, வீணையின் ஒலியும் அதிர்வொலிதான். ராட்டிலுக்கு இரண்டு பொருள், நடுவே ஓர் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் மீண்டும் மீண்டும் மோதல், இவை மூன்றும் வேண்டும். 'ஆட்டொலி' இந்தக் காரணத்தைச் சரியாகவே பிடிக்கிறது. பிளே (play, பாகங்களுக்கு நடுவே உள்ள தளர்வு) என்பதற்குப் பட்டறையிலும் 'ஆட்டம்' என்றுதான் சொல்கிறார்கள், "பேரிங்ல ஆட்டம் இருக்கு" என்று. ஆனால் ஆட்டுப்பால், ஆட்டுக்குட்டி வரிசையில் படித்தால் ஆடு கத்தும் ஒலி என்றாகிவிடும். கற்பிக்கும் இடத்தில் இந்தத் தடுமாற்றம் கூடாது.

லொடலொட என்பதில் காரணம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. எங்கள் களத்தில் காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் வற்றி, பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்றிருந்தால் லொடலொட என்னும். ஆடுகிற நாற்காலிக் காலும் லொடலொட, பழைய ஜன்னல் கொக்கியும் லொடலொட. இறுக்கமாக இருக்கும் எதையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சலசலப்பு, கலகலப்பு போல 'லொடலொடப்பு' என்று பெயராக்கவும், 'லொடலொடக்கிறது' என்று வினையாக்கவும் நாக்கு தயங்கவில்லை.

கிலுக்கு என்ற சொல்லையும் எடைபோட்டுப் பார்த்தேன். கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காய்க்குள் விதை உருளும் அழகான ஒலி அது. ஆனால் சிறிய, மென்மையான சாமான்களுக்குத்தான் பொருந்துகிறது. டேஷ்போர்டுக்குள் விழுந்த திருகாணிக்குச் சொல்லலாம், சைலன்சருக்குச் சொல்ல முடியாது.

இரண்டு மறுப்புகள் வரக்கூடும். ல சொல்லின் முதலில் வராது என்ற பழைய விதி ஒன்று. லாரியையும் லாடத்தையும் லட்டையும் ஏற்றுக்கொண்டுவிட்ட மொழியில், மக்கள் வாயிலேயே பிறந்த ஒலிக்குறிப்பைத் தடுப்பது நியாயமாகப் படவில்லை. நீளமாக இருக்கிறது, 'லொடப்பு' என்று சுருக்கலாமே என்பது மற்றொன்று. வேண்டாம். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும். தவிர, ஒற்றை மோதலுக்கு நம்மிடம் தனியாகவே 'லொடக்கு' இருக்கிறது. கிளட்ச்சை விட்டதும் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் பக்கத்திலிருந்து ஒரு தடவை மட்டும் கேட்குமே, அந்தக் கிளங்க் (clunk) என்பதற்கு அதை வைக்கலாம்.

ஆக நான் பட்டியலில் சேர்க்கக் கேட்பவை: ராட்டில், லொடலொடப்பு. கிளங்க், லொடக்கு. டீசல் கிளாட்டர், கடகடப்பு. பிளே, ஆட்டம். ஸ்க்வீக் (squeak) உரசலில் பிறப்பது, அதற்குக் கிரீச்சொலி போதும். பஸ் (buzz) என்ற மெல்லிய தகட்டு இரைச்சலுக்கு 'ரீங்காரம்' எழுதிப் பார்த்தேன், வண்டுக்கு இருக்கும் இனிமை அந்தத் தகட்டுக்கு இல்லை. டெம்போ, டிராக்டர் பட்டறைகளில் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.