பத்து நிமிடத்துக்குப் பிறகு கிழியும் வால்வு ஆம்ப் – டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா?

கேள்வி:
அப்பா மைக் செட் தொழில் செய்தபோது வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபையர் இது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு இரண்டு ஈஎல்84, அதற்கு முன்னால் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சிறு வால்வு இரண்டு ஈசிசி83. வருடக்கணக்காகப் பரணில் கிடந்ததைப் போன மாதம் இறக்கி, பவர் சப்ளை கண்டென்சர்களை மாற்றினேன். ஹம் என்ற உறுமல் போய்விட்டது. முதல் பத்து நிமிடம் நாகஸ்வரம் பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல் இருக்கிறது. அப்புறம் மேல் ஷட்ஜத்தில் நீட்டிப் பிடிக்கும் இடம் துணி கிழிவதுபோல் கரகரக்கிறது. சத்தத்தைக் குறைத்தாலும் முழுதாகப் போவதில்லை. ஸ்பீக்கரையும் இரண்டு ஈஎல்84-ஐயும் மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான். நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், வலது வால்வின் தகட்டில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் புதிதாகக் கம்பி சுற்றித்தர இங்கே ஆள் இல்லை.

பதில் 1:
தம்பி, அந்தச் சிவப்பு தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அந்தத் தகடு 12 வாட்தான் தாங்கும். டிரான்ஸ்ஃபார்மரைக் கடைசியில் பார்ப்போம். எனக்குச் சந்தேகம் கப்ளிங் கண்டென்சர் மேல்தான். ஈசிசி83-இன் பிளேட்டிலிருந்து, அதாவது தகட்டிலிருந்து, பாட்டை மட்டும் ஈஎல்84-இன் கிரிட்டுக்கு (வால்வின் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) விட்டு, டிசியை, அதாவது நேர் மின்சாரத்தை, தடுப்பது அதன் வேலை. பழைய மெழுகுக் காகித வகை சூடேறினால் டிசியையும் கசியவிடும். கிரிட் பாசிட்டிவ் ஆகும், வால்வு கரன்ட்டை அள்ளி இழுக்கும், அலையின் ஒரு பக்கம் நசுங்கும்.

மீட்டரின் கறுப்பு முனை சேசிஸில், சிவப்பு ஈஎல்84-இன் 2-ஆம் பின்னில், அதுதான் கிரிட். பாட்டு வேண்டாம். டிசி கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். உள்ளே 300 வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் கண்டென்சரில் நிற்கும். அதனால் அதை வடித்துவிட்டு, கிளிப்பை மாட்டி, கையை எடுத்தபின் சுவிட்சைப் போடுங்கள்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. பாசிட்டிவ் காட்டினால், அணைத்து அந்த வால்வைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். அப்போதும் வோல்ட் இருந்தால் கண்டென்சர்தான். போய்விட்டால் வால்வுக்குள் வாயு. புது வால்வு என்று நம்பிவிட வேண்டாம்.

கேட்டவர்:
அளந்தேன். இடது கிரிட் 0.1 வோல்ட், அசையவே இல்லை. வலது 0.3-இல் தொடங்கி மெல்ல ஏறி, பன்னிரண்டாவது நிமிடத்தில் 4.6. கேத்தோடு, அதாவது வால்வுக்குள் எலக்ட்ரானை வெளிவிடும் முனை, இடதில் 11 வோல்ட், வலதில் 14.5. இரண்டிலும் 270 ஓம் ரெசிஸ்டர்தான். வோல்ட்டை ஓமால் வகுத்தால், வலதில் 41 மில்லி ஆம்பியருக்குப் பதில் 54! வால்வைக் கழற்றினேன், வோல்ட் அப்படியே நின்றது.

கண்டென்சரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மெழுகு வழிந்து, ஒரு கம்பி ஓரத்தில் முடி அளவு வெடிப்பு. இரண்டு பக்கமும் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போட்டுவிட்டேன். இப்போது கேத்தோடு 11.1, 11.0. அதே நாகஸ்வரக் கேசட்டை இரண்டு பக்கமும் முழுக்க ஓடவிட்டேன். அந்த ஷட்ஜம் கிழியவில்லை. இருவருக்கும் நன்றி. நாளை முன்வரிசையில் இருக்கும் மெழுகுக் கண்டென்சர்களையும் கழற்றப்போகிறேன்.