ஏஆர்பிக்கு நான்கு மணி நேரம், மேக் அட்டவணைக்கு ஐந்து நிமிடம்: ஸ்விட்ச்சில் பட்ட பாடு

பகிர்வு 1

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் வலையமைப்பை இணைக்கும் ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு மைய ஸ்விட்ச்சுகள் உள்ளன. மூன்றாம், நான்காம் தளங்களின் ஸ்விட்ச்சுகள் ‘ஏ’யுடனும், முதல் இரண்டு தளங்களுடையவையும் சர்வர்களும் ‘பி’யுடனும் இணைந்திருக்கின்றன. பணியாளர் வீலானுக்கு (ஸ்விட்ச்சுகளுக்குள் தனியாகப் பிரித்த வலையமைப்பு) ‘ஏ’ கேட்வே (வீலானைத் தாண்டிச் செல்லும் வாயில்), சர்வர் வீலானுக்கு ‘பி’ கேட்வே என்று ஹெச்எஸ்ஆர்பி (ஒன்று செயலிழந்தால் மற்றது கேட்வே வேலையை ஏற்கும் முறை) வழியாகச் சுமையைப் பிரித்து வைத்தேன். அப்போது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

சில வாரங்களில், முதல் தள வாசலில் இருக்கும் பழைய வருகைப்பதிவுக் கருவி அவ்வப்போது செயலற்றுப் போவதாகப் புகார் வந்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், புதிய கருவி வேண்டும் என்று கடிதமும் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் அந்தத் தளத்து ஸ்விட்ச்சின் முன் நின்றபோது, எல்லாப் போர்ட்டுகளின் விளக்குகளும் ஒரே தாளத்தில் துடிப்பதைக் கண்டேன். மடிக்கணினியைச் செருகி, வந்துசேரும் தரவைக் காட்டும் ஒயர்ஷார்க்கைத் திறந்தால், நான்காம் தளத்து வடிவமைப்பாளர் ஒருவர் சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த கோப்பு அப்படியே என் திரையில் ஓடியது. அவருடைய தளத்தில் சோதித்தபோது அப்படி எதுவும் இல்லை.

காரணம் புரிய ஒரு மாலை முழுவதும் பிடித்தது. அவருடைய கணினி அனுப்பும் ஃப்ரேம்கள் (தரவுத் துண்டுகள்) கேட்வேயான ‘ஏ’யுடன் முடிந்துவிடுகின்றன, சர்வரின் பதில்களோ ‘பி’ வழியாகத் திரும்புகின்றன. அனுப்புபவரின் முகவரியைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் தன் மேக் அட்டவணையை (எந்தச் சாதனத்தின் வன்பொருள் முகவரி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) நிரப்பிக்கொள்ளும் என்பதால், அந்தக் கணினியின் குரலையே கேட்காத ‘பி’, 300 விநாடியில் அதன் பதிவை அழித்துவிடுகிறது. ஆனால் சிஸ்கோ ஸ்விட்ச்சுகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில், ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டு வைத்துக்கொள்ளும் ஏஆர்பி பதிவின் இயல்புநிலை ஆயுள் 14,400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். ஆகவே மேக் முகவரி என்ன என்பது ‘பி’க்குத் தெரியும், அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பது தெரியாது, தெரியாதபோது அந்த வீலானின் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டிவிடுவதுதான் ஸ்விட்ச்சின் இயல்பு. கணினி எப்போதாவது எல்லாருக்குமான ஒரு பிராட்காஸ்ட் அனுப்பினால், ‘பி’யும் அதைக் கேட்பதால் ஐந்து நிமிடம் வெள்ளம் வடியும், பிறகு மீண்டும் பெருகும். அந்த வெள்ளத்தில் திணறிக் கருவி ‘அவ்வப்போது’ படுத்ததன் இரகசியம் இதுதான்.

மேக் அட்டவணையின் காலத்தையும் 14,400 ஆக்கிவிடலாம் என்று பலர் அறிவுறுத்துவார்கள். நான் அதைச் செய்யவில்லை. ஸ்விட்ச்சுகளுக்கிடையே சுழல் ஏற்படாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் ஒரு மாற்றம் நேர்ந்தாலே, எவ்வளவு நீண்ட காலம் கொடுத்திருந்தாலும் மேக் பதிவுகள் விரைந்து அழிக்கப்படும். ஏஆர்பி மட்டும் பழையபடி நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். அதனால் இரு மைய ஸ்விட்ச்சுகளிலும் ஒவ்வொரு வீலான் இடைமுகத்திலும் ‘ஏஆர்பி டைம்அவுட் 240’ என்று அமைத்தேன். மேக் பதிவின் 300 விநாடி முடியுமுன்பே ஸ்விட்ச் மறுபடி ஏஆர்பி கேள்வி கேட்கும், வரும் பதிலிலிருந்து போர்ட்டையும் தெரிந்துகொள்ளும். ஏறத்தாழ நானூறு சாதனங்களுக்கு இது விநாடிக்கு இரண்டு கேள்விகூட ஆகாது. இப்போது ‘ஷோ ஐபி ஏஆர்பி’ பட்டியலில் எந்தப் பதிவின் வயதும் நான்கு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. புதிய கருவிக்கான கடிதத்தைத் திரும்பப் பெற்றதுதான் கொஞ்சம் சங்கடம்.

பகிர்வு 2

நண்பர் கூறியதன் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பழுதான பிரிண்டரை எடுத்துவிட்டு, அதே ஐபி முகவரியுடன் புதியதை வைத்தோம். அதே வீலானில் இருந்த ஒரு கணினியிலிருந்து அச்சு வந்தது. கணக்குப் பிரிவு வேறு வீலானில் இருந்ததால் அவர்களுக்கு வரவில்லை. கேட்வே இன்னும் பழைய பிரிண்டரின் மேக் முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பிரிண்டரின் சிறு திரையில் இணைப்பைச் சோதிக்கும் பிங் வசதி இருந்ததால், அங்கிருந்தே கேட்வேக்கு ஒரு பிங் கொடுத்தேன். அதற்காகப் பிரிண்டர் கேட்ட ஏஆர்பி கேள்வியிலிருந்தே கேட்வே தன் பதிவைத் திருத்திக்கொண்டது, தேங்கியிருந்த தாள்கள் வரிசையாக வெளிவந்தன. அந்த வசதி இல்லாத சாதனமென்றால், கேட்வேயில் அந்த ஒரு பதிவை மட்டும் நீக்கினால் போதும். அவசரத்தில் ஸ்விட்ச்சையே அணைத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பகல் வேளையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பகிர்வு 3

எங்களிடம் வெள்ளத்துக்குக் காரணம், சாதனங்களின் நிகழ்வுப் பதிவுகளைச் சேகரிக்கும் சிஸ்லாக் சர்வர். எல்லாச் சாதனங்களும் அதற்கு, பதிலை எதிர்பாராத யுடிபி முறையில் பதிவுகளை அனுப்புகின்றன, அது யாருக்கும் பதில் சொல்வதில்லை. வாயே திறக்காதவரின் மேக் முகவரி அட்டவணையில் எப்படித் தங்கும்? முதல் பகிர்வில் சொன்னபடி கேட்வேயில் ஏஆர்பி காலத்தைக் குறைத்தபின், நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு பதிலிலேயே ஸ்விட்ச் அதன் போர்ட்டை மீண்டும் குறித்துக்கொள்கிறது.