சிறுவீடு கட்டப் பிள்ளைகள் வரலாம்

குழு: கீழத்தெரு வீடுகள், சேரன்மகாதேவி

டிசம்பர் 14, ஞாயிறு

முத்துலட்சுமி: எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. இந்த வருஷம் நம் தெருவில் பிள்ளைகளைக் கொண்டே சிறுவீடு கட்டலாம் என்று நினைக்கிறேன். நாம் கட்டி முடித்துவிட்டு அவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது வேண்டாம். மண் மிதிப்பதிலிருந்து தையில் அரிசி போடுவது வரை அவர்கள் கையால் நடக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள்?

இசக்கியம்மாள்: என் இரண்டும் வரும் மைனி. அரையாண்டு லீவு விட்டால் போனைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. இது நல்ல யோசனை.

கார்த்திக்: அக்கா, நாங்கள் ஊருக்குப் புதுசு. சிறுவீடு என்றால் என்ன? கொலு மாதிரி பொம்மை வைப்பதா?

முத்துலட்சுமி: ஆச்சி, நீங்களே சொல்லுங்கள்.

கோமதி ஆச்சி (ஆச்சி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது): கொலு இல்லை ராசா. மார்கழியில் வாசலில் கோலம் போட்டு, நடுவில் சாணப் பிள்ளையார் பிடித்து, மேலே பூசணிப் பூ வைப்போம். சாயங்காலம் அந்தப் பூவோடு சாணத்தைத் தட்டி எருவாக்கிக் காயப்போட வேண்டும். மாசம் முழுக்கச் சேர்த்து வைக்க வேண்டும். இன்னொரு பக்கம் முற்றத்தில் களிமண்ணால் சின்ன வீடு. தார்சா என்கிற முன்தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, புறவாசல் எல்லாம் உண்டு. கூரை கிடையாது, சுவர்தான். பெரிய பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாள் அந்தச் சின்ன வீட்டு வாசலில் பிள்ளைகள் பொங்கல் விடுவார்கள். அப்புறம் பொங்கலையும் பூ எருவையும் இலையில் வைத்து, சூடம் கொளுத்தி ஆற்றில் விட்டுவிட்டு, கும்மி தட்டி வருவோம். எந்த நாள் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

கார்த்திக்: ரொம்ப அழகாக இருக்கிறது ஆச்சி. என் மகளுக்கு ஆறு வயது, கட்டாயம் வருவாள். ஒரே ஒரு சந்தேகம். சாணத்தைக் கையால் தொடுவது பிள்ளைகளுக்குச் சரியா?

முத்துலட்சுமி: கேட்டது நல்லது தம்பி. கையிலோ காலிலோ காயம், சிராய்ப்பு இருக்கும் பிள்ளை அன்றைக்குச் சாணமும் தொடக் கூடாது, மண்ணும் மிதிக்கக் கூடாது. ரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமி இரண்டிலும் இருக்கும். ஐந்து, பத்து, பதினாறு வயதில் போடுகிற தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். விரலை வாயில் வைக்கிற குட்டிகளுக்குக் கோலப்பொடி மட்டும் கொடுப்போம்.

சுப்பையா அண்ணாச்சி: சாணத்துக்கு அலைய வேண்டாம். காலையில் பால் கறந்ததும் நம் தொழுவத்தில் இருந்து ஒரு வாளி எடுத்து வைக்கிறேன். பூசணிக் கொடியும் வேலியில் படர்ந்து கிடக்கிறது. ஆனால் பிள்ளைகள் பூ பறிக்கத் தனியாக வரக் கூடாது, நான் இருக்கும்போது வரட்டும். எல்லாப் பூவையும் பறித்தால் காய் பிடிக்காது. அடியில் சின்னக் காய் போல உருண்டு இருந்தால் அது பெண் பூ, அதைத் தொடக் கூடாது. நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ, அதைப் பறிக்கலாம். அதிலும் கொடிக்குக் கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டு மகரந்தத்துக்கு எங்கே போகும்?

ஸ்டெல்லா டீச்சர்: அண்ணாச்சி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படம் வரைந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிடும். உங்கள் வேலி ஓரத்தில் ஒரு காலை நின்றால் போதும். எந்நேரம் வரலாம்?

சுப்பையா அண்ணாச்சி: விடிந்ததும் வாருங்கள் டீச்சர். உச்சிப்பொழுதுக்குள் பூ வாடிவிடும்.

இசக்கியம்மாள்: மைனி, அட்டையில் செய்த சின்ன வீடு ஆன்லைனில் கிடைக்கிறது. மடித்து நிறுத்தி வர்ணம் அடித்தால் போதும். மழை வேறு பெய்துகொண்டிருக்கிறது. அதை வாங்கிவிட்டால் என்ன?

முத்துலட்சுமி: வேண்டாம் இசக்கி. அட்டை வீட்டில் யாரோ முன்னாலேயே யோசித்து வெட்டி வைத்துவிட்டார்கள், பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. மண்ணில் வாசல் எந்தப் பக்கம், அடுக்களைப் புகை எந்தப் பக்கம் போகும், சுவர் ஏன் சாய்கிறது என்று எல்லாவற்றையும் அவர்களே பார்க்க வேண்டும். அதுவும் இது அலமாரியில் தூக்கி வைக்கிற சாமான் இல்லை. தை வரைக்கும் நிற்க வேண்டும், அதன் வாசலில் நிஜமாகவே அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகள் கையால் செய்தது நிஜமாகப் பயன்பட்டால் அடுத்த வருஷம் அவர்களே நம்மைக் கூப்பிடுவார்கள்.

இசக்கியம்மாள்: சரி மைனி, புரிகிறது. பையன்களும் சேரலாமா? இது பெண்பிள்ளைகள் விசேஷம் என்றுதானே சொல்வார்கள்?

கோமதி ஆச்சி: பேர்தான் பெண்பிள்ளைகளுக்கு. மண் சுமந்தது, சுவர் வைத்தது எல்லாம் என் தம்பிமார்தான். சேரட்டும். கும்மியும் கற்றுக்கொள்ளட்டும், கை தட்டத் தெரிந்தால் போதும்.

பாத்திமா அக்கா: வீடு கட்டினால் உள்ளே பாய் விரிக்க வேண்டாமா? பத்தமடையில் அம்மா வீட்டில் வெட்டி ஒதுக்கிய கோரைத் துண்டு நிறையக் கிடக்கும். அடுத்த வாரம் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் ஒரு சாண் பாய் நெய்யட்டும்.

முத்துலட்சுமி: அக்கா, இதைவிட நமக்கு என்ன வேண்டும்! தறி வேண்டுமா?

பாத்திமா அக்கா: தறி எல்லாம் வேண்டாம். கெட்டி அட்டையில் மேலும் கீழும் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, பருத்தி நூலை இழுத்துக் கட்ட வேண்டும். கோரையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒடியாது. ஒரு நூலுக்கு மேலே, அடுத்த நூலுக்குக் கீழே. திரும்பி வரும்போது மாற்றி. ஒவ்வொரு வரிசைக்கும் பழைய சீப்பால் நெருக்கித் தள்ள வேண்டும். தள்ளாமல் விட்டால் பாய் சல்லடையாகிவிடும். பட்டுப் பாய்க்கு எங்கள் அம்மா கோரையை நாள்கணக்கில் ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நரம்பு போலக் கிழித்து எடுப்பார்கள். இதற்கு அவ்வளவு வேண்டியதில்லை.

ஸ்டெல்லா டீச்சர்: நானும் ஒன்று சொல்கிறேன். 23ஆம் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிறோம், அச்சு முறுக்கும் சுடுகிறோம். எல்லாப் பிள்ளைகளும் வரலாம். மூங்கில் சிம்பு நான் சீவி வைத்துவிடுவேன், கத்தி வேலை பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒரே நீளத்தில் ஐந்து சிம்பால் ஒரு நட்சத்திரம், அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையிலும் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டுகிற ஐந்து இடத்திலும் சின்னக் குச்சியை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் புடைத்துக்கொள்ளும். மேலே கலர் பேப்பர், மைதாப் பசை. உள்ளே சின்ன எல்.இ.டி. பல்புதான், மெழுகுவர்த்தி கிடையாது.

கார்த்திக்: அச்சு முறுக்கு சுடுவதில் பிள்ளைகளுக்கு என்ன வேலை டீச்சர்? எண்ணெய் என்றால் எனக்குப் பயம்.

ஸ்டெல்லா டீச்சர்: எண்ணெய்ப் பக்கம் நான் மட்டும்தான். அவர்களுக்குத் தேங்காய்ப் பால் பிழிவது, முட்டை அடிப்பது, பச்சரிசி மாவு சலிப்பது, எள் தூவுவது. மாவு அச்சில் ஏன் ஒட்டுகிறது என்று அவர்களிடமே கேட்பேன். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், முக்கும்போது மேல் விளிம்பு வரை முங்கக் கூடாது. விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது.

டிசம்பர் 25, வியாழன்

முத்துலட்சுமி: டீச்சர் வீட்டில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்! இங்கிருந்து பார்த்தாலே வாசலில் நட்சத்திரம் தெரிகிறது. சனிக்கிழமை காலை 8 மணிக்கு எங்கள் முற்றத்தில் சிறுவீட்டுக்கு மண் மிதிக்கிறோம். பழைய உடுப்பு போட்டு அனுப்புங்கள்.

ஸ்டெல்லா டீச்சர்: நன்றி முத்து. சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பு, கேக் எடுத்து வைத்திருக்கிறேன்.

சுப்பையா அண்ணாச்சி: மண் ரெடி. என் வயல் வரப்பு மண், நல்ல பசை. நேற்றே கல், கண்ணாடிச் சில் எல்லாம் பொறுக்கிச் சலித்துவிட்டேன். வெறும் களிமண்ணில் வைத்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் குறுமணலும், விரல் நீளம் வெட்டின வைக்கோலும் சேர்க்க வேண்டும்.

முத்துலட்சுமி: எவ்வளவு மணல் அண்ணாச்சி?

சுப்பையா அண்ணாச்சி: மண்ணுக்கு மண் மாறும், அளவு சொல்ல முடியாது. பிள்ளைகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். குழைத்த மண்ணை உருட்டி நெஞ்சு உயரத்தில் இருந்து கீழே போட வேண்டும். அப்பளமாகப் பரவினால் தண்ணீர் அதிகம். பொடிந்து சிதறினால் மணல் அதிகம், இல்லாவிட்டால் ஈரம் போதாது. லேசாக அமுங்கி உருண்டையாகவே இருந்தால் சுவர் வைக்கலாம்.

டிசம்பர் 27, சனி

கார்த்திக்: (மூன்று படங்கள்) அக்கா, என் மகள் குளித்த பிறகும் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். உருண்டை சோதனையை அப்பா செய்யக் கூடாது, நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டாள்.

இசக்கியம்மாள்: என் பெரியவன் புறவாசலை வடக்கே வைக்கவா கிழக்கே வைக்கவா என்று தாத்தாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

முத்துலட்சுமி: இன்றைக்குச் சுவர் பாதி உயரம்தான் வைத்திருக்கிறோம். ஒரே மூச்சில் ஒரு சாண் எழுப்பினால் அடிப்பக்கம் பிதுங்கிவிடும். கீழ்ச் சுவர் கொஞ்சம் இறுகட்டும், நாளைக்கு மேல் வரிசை. பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் காத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 29, திங்கள்

இசக்கியம்மாள்: மைனி, காலையில் போய்ப் பார்த்தோம். பட்டாசல் சுவரில் விரிசல். சின்னவன் அழுகிறான்.

முத்துலட்சுமி: அழ வேண்டாம் என்று சொல், எந்த மண் சுவரும் காயும்போது வெடிக்கும். நேற்று மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்ததால் வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிட்டது. விரிசலைக் குச்சியால் கொஞ்சம் அகலப்படுத்தித் தண்ணீர் தெளித்து, அதே மண்ணைக் கூழாகக் கரைத்து உள்ளே அமுக்கச் சொல். மேலே ஈரச் சாக்கு போட்டு மூடுவோம். மழை வந்தால் மட்டும் தார்ப்பாய். சுவர் மெதுவாகக் காய வேண்டும்.

கோமதி ஆச்சி: காய்ந்த பிறகு சாணம் கரைத்து மெழுகினால் மீதி வெடிப்பும் மூடிக்கொள்ளும். சாணத்தில் இருக்கிற நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கலாம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பச்சரிசியை ஊறப்போட்டு அரைத்த மாக்கோல மாவு போதும்.

முத்துலட்சுமி: மிச்ச மண்ணில் ஆளுக்கு மூன்று சின்ன அடுப்புக்கட்டி பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது பிடித்தால்தான் தைக்குள் உள்ளே வரை காயும். ஈரக் கட்டியில் தீ வைத்தால் வெடித்துத் தெறிக்கும். அதனால் காயாத கட்டி எதையும் பொங்கலன்று வைக்க மாட்டேன், பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

முத்துலட்சுமி: பூ எரு இரண்டு கூடை சேர்ந்துவிட்டது. காருகுறிச்சியில் இருந்து சின்ன மண்பானை வாங்கி வந்திருக்கிறேன். இன்று இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். நாளை அரிசி களைந்த கழுநீரை ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழக்க வேண்டும். எந்த நாள் வைப்போம் ஆச்சி?

கோமதி ஆச்சி: ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை, படித்துறையில் தர்ப்பணக் கூட்டம் இருக்கும். சனிக்கிழமை காலையில் வைத்துவிடு. பிள்ளைகளுக்கு லீவும் இருக்கிறது.

சுப்பையா அண்ணாச்சி: ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கே மணல் இருக்கும், எங்கே பள்ளம் இருக்கும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். கடைசிப் படிக்கு மேல் நின்று இலையை எங்கள் கையில் கொடுக்கட்டும், பெரியவர்கள் இறங்கி விடுகிறோம். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். அன்று காலையில் தண்ணீர் கலங்கி வேகமாக வந்தால் போகவே வேண்டாம், வாய்க்காலுக்கும் வேண்டாம். எரு என் வயலுக்கு உரமாகட்டும்.

கோமதி ஆச்சி: சரியாகச் சொன்னாய் சுப்பையா. சாமி கோபிக்காது.

பாத்திமா அக்கா: பிளாஸ்டிக் தட்டு, பேப்பர் கப் ஒன்றும் ஆற்றில் போகக் கூடாது. வாழையிலை நறுக்கு எங்கள் கொல்லையில் இருந்து வரும். பிள்ளைகள் நெய்த பாயையும் ஆற்றில் விட்டுவிட வேண்டாம், அது அவரவர் வீட்டில் இருக்கட்டும்.

இசக்கியம்மாள்: சிறுகிழங்கு நான் வாங்கி வருகிறேன். தோல் உரிக்கத்தான் ஆள் வேண்டும்.

கோமதி ஆச்சி: அதையும் பிள்ளைகளிடம் கொடு. கிழங்கை ஊறவைத்துச் சாக்கில் கட்டித் தரையில் போட்டு இரண்டு பேர் முன்னும் பின்னும் உருட்டித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். கத்தியே வேண்டாம்.

கார்த்திக்: அக்கா, பானையில் எவ்வளவு அரிசி? மகள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

முத்துலட்சுமி: அரை ஆழாக்கு போதும், சின்னப் பானை. முதலில் கழுத்து வரை கழுநீரும் கொஞ்சம் பாலும். அது பொங்கி வழிந்ததும் எல்லோரும் குலவை போட வேண்டும். பிறகு நான் கொஞ்சம் நீரை முகந்து எடுப்பேன், அதன்பின் அவள் அரிசி போடலாம். பானை இறக்குவது நானும் இசக்கியும். பாவாடை, துப்பட்டா எதுவும் தொங்காத உடுப்பாகப் போட்டு அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும்.

ஸ்டெல்லா டீச்சர்: குலவை எனக்கு வராது, ஆனால் கும்மிக்கு நான் வருகிறேன். நட்சத்திரத்தில் இருந்து கழற்றிய கலர் பேப்பரைத் தோரணமாக வெட்டிவிட்டோம், அதைச் சிறுவீட்டு வாசலில் கட்டலாமா?

கோமதி ஆச்சி: கட்டு மகளே. அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டு.

சுப்பையா அண்ணாச்சி: தென்னம்பாளை, சிரட்டை, காய்ந்த ஓலை எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொண்டு வந்து போடுகிறேன். சனிக்கிழமை ஆறரைக்கு அடுப்புப் பற்ற வைத்தால் வெயில் ஏறுமுன் ஆற்றுக்குப் போய்த் திரும்பிவிடலாம். எந்தெந்தப் பெரியவர்கள் படித்துறைக்கு வருகிறீர்கள் என்று நாளைக்குள் பெயர் போட்டுவிடுங்கள்.

கார்த்திக்: என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.